விருந்தினரோ, வீட்டினரோ?

பிழைப்பைத் தேடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவன் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. வந்த இடத்தில் தான் விருந்தினனா, வீட்டினனா என்பதே அவ்வினா. விருந்தினனுக்கு என்று ஒரு பண்பாடு உண்டு. இட்டதை முகம் கோணாமல் உண்ண வேண்டும். காட்டிய இடத்தில் அமர வேண்டும். அவ்வீட்டின் வரவு செலவில் தலையிடலாகாது. வீட்டினனின் பண்பாடு வேறு. கூரை ஒழுகினால் அவன் ஏணி தேட வேண்டும். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து ஓட வேண்டும். விருந்தினன் வாளாவிருந்தால் அது நாகரிகம். வீட்டினன் வாளாவிருந்தால் அது குற்றம்.

பெங்களூரில் வாழும் தமிழருள் பலர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கின்றனர். வாக்குச் சாவடியில் அவர்கள் வீட்டினர். குடும்ப அட்டையில் வீட்டினர். தண்ணீர்க் கட்டணம் செலுத்தும் வரிசையிலும் வீட்டினர். தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குள் நுழைந்ததும் விருந்தினர் ஆகிவிடுகின்றனர். கடைசி வரிசையில் அமர்கின்றனர். காட்டிய இடத்தில் கையெழுத்திடுகின்றனர். ஐயம் ஏதும் உண்டா என்று தலைமை ஆசிரியர் கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத் தலை குனிகின்றனர். இந்த மௌனம் அடக்கமா? அன்றிக் கடமை தவறுதலா? சிறுபான்மையாய் வாழும் மக்களிடையே பள்ளி அவையில் துணிந்து பேசும் தலைமை தோன்ற வேண்டுமா? தோன்றுமாயின் அது யாருக்காகப் பேச வேண்டும்? இவை பற்றிச் சிந்திப்பது இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறேன்.

வந்த வழி

பெங்களூருக்கும் தமிழருக்கும் உள்ள உறவு நேற்று முளைத்தது அன்று. 1809ஆம் ஆண்டில் இங்கே தண்டு எனப்படும் படைக் குடியிருப்பு அமைந்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து படைவீரரும் வணிகரும் ஒப்பந்தக்காரரும் கூலியாட்களும் பெருந்திரளாக வந்தனர். பின்னர் ஆலைகளும் இருப்புப்பாதையும் பலரை அழைத்தன. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். எனப் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் எழுந்து, படித்த இளைஞரை வரவழைத்தன. நடுவண் அரசு அலுவலகங்கள் என்னைப் போன்ற எழுத்தர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. இன்று வானளாவ எழும் கட்டடங்களின் சாரங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டத்து உழைப்பாளர் நிற்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 21 லட்சம் பேர்.

இவர்களுள் முன்னே வந்தவர்கள் தங்களை விருந்தினராகக் கருதியிருந்தால், 1873ஆம் ஆண்டில் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் தண்டுப் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கியிருக்க மாட்டார். அவர் தொடங்கியது இன்றும் ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி அறநிலையமாக விளங்குகிறது. பிழைக்க வந்த இடத்தில் பொருளீட்டிய ஒருவர், அவ்விடத்துப் பிள்ளைகளின் கல்விக்குத் தாமும் பொறுப்புடையவர் என்று உணர்ந்தார். வீட்டினராய் வாழ்ந்த முன்னோரின் வழிவந்தவர் நாம். பள்ளிகளைக் கட்டிய மரபினர் பள்ளிக் கூட்டத்தில் வாய் திறக்க அஞ்சுவது விந்தையினும் விந்தை.

சட்டம் இட்ட இருக்கை

பள்ளி நடப்பில் பெற்றோர்க்குப் பங்கு வேண்டும் என்பது புதிய கருத்தன்று. காமராசர் ஆட்சிக் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராய் இருந்தபோது, தமிழகத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. நாற்காலியும் கரும்பலகையும் கடிகாரமும் ஊரார் கைகளிலிருந்து பள்ளிக்குச் சென்றன. அங்கே பெற்றோர் கொடுப்பவராய் இருந்தனர். கொடுப்பவராக மட்டுமன்றி, கேட்பவராகவும் கண்காணிப்பவராகவும் அவர்களை உயர்த்தியது பிற்காலச் சட்டம்.

கருநாடகத்தில் இராஜா இராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகள்தோறும் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுக்கள் அமைந்தன. எஸ்.டி.எம்.சி. என்று யாவரும் சுருக்கி அழைப்பது இதனையே. அதன்பின் வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாய் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் தொகைக்கேற்ப இடம் தருதல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. நலிவுக்குரிய காரணங்களாக, அரசு அறிவித்து ஏற்கக்கூடியவற்றுள், மொழியும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. பள்ளியின் பணியைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வகுத்தல், அரசு தரும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்த்தல் ஆகியவை குழுவின் கடமைகள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழு அறிவுரை கூறும் அளவில் நிற்கும் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளை இந்த ஏற்பாடு கட்டுப்படுத்தாது.

புலம்பெயர்ந்தோர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய வேறு சில விதிகளும் அச்சட்டத்தில் உண்டு. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதை உறுதி செய்வது உள்ளாட்சியின் கடமை. மாற்றுச் சான்றிதழ் வரக் காலந்தாழ்ந்தது என்று காட்டி, வேறு பள்ளியிலிருந்து வரும் பிள்ளையைச் சேர்க்க மறுத்தல் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புதலும் கூடாது. சித்திரையில் ஊருக்குச் சென்று ஆடியில் திரும்பும் கட்டடத் தொழிலாளியின் மகனுக்கு இவ்விதிகளைக் காட்டிலும் பெரிய துணை எது?

மொழியைப் பற்றியும் சட்டம் பேசாமல் இல்லை. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்தல் வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு. பிள்ளையின் தாய்மொழி எது என்று சொல்லும் உரிமை பெற்றோர்க்கே உரியது என்று 2014 மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கருநாடக அரசு தொடர்பான வழக்கிலேயே தீர்ப்பளித்தது. ஆயின், சட்டம் ஓர் இருக்கையைத்தான் இட முடியும். அமர்ந்தவர்க்குக் குரலைத் தர அதனால் இயலாது. குரல், மக்கள் தமக்குள்ளே வளர்த்துக்கொள்ள வேண்டிய பொருள்.

அடக்கமும் அச்சமும்

"பிழைக்க வந்த இடத்தில் நமக்கு ஏன் வம்பு?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களை எள்ளி நகையாடுதல் முறையன்று. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிச் சிக்கலை ஒட்டி இந்நகரில் எழுந்த கலவரங்களைக் கண்டவர்களுக்கு அச்சம் காரணமின்றி வரவில்லை. அந்நாள்களில் அடைக்கலம் தந்த கன்னட அண்டை வீட்டாரை நன்றியோடு நினைக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அக்குடும்பங்கள் கற்ற பாடம், அண்டை வீட்டாரோடு அன்றாடம் பேசிப் பழகியவர்க்கே இடர் வந்த நாளில் துணை கிடைக்கும் என்பது. ஒதுங்கி வாழ்ந்தவனை யாருக்குத் தெரியும்? அறியாதவன் கதவை யார் தட்டுவார்?

மேலும் ஒன்று கருத வேண்டும். தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுப்பவனை அடக்கமுடையோன் என்கிறோம். பேருந்தில் தன் இருக்கையை ஒருவன் விட்டுக்கொடுக்கலாம், அது பெருந்தன்மை. தன் மகளின் புத்தகத்தை, தன் மகளின் வகுப்பறையை, தன் மகளுக்கு வர வேண்டிய ஆசிரியரை விட்டுக்கொடுக்க அவனுக்கு என்ன உரிமை உண்டு? பிறர் பொருளை எடுத்து வழங்குபவன் வள்ளல் ஆகான். பிள்ளையின் உரிமையை வழங்கிவிட்டு வருபவன் அடக்கமுடையோனும் ஆகான். பெற்றோர் கூட்டத்தில் நாம் காக்கும் மௌனத்திற்கு விலை கொடுப்போர் நாம் அல்லர். விலை கொடுப்போர் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குட்பட்டோர். அவர்கள் அங்கே பேச முடியாத காரணத்தால்தான் நம்மை அனுப்பினார்கள்.

யாருக்காகப் பேசுவது?

பேச வேண்டும் என்று கொண்டால், அடுத்த வினா யாருக்காகப் பேசுவது என்பது. என் பிள்ளைக்கா, என் மொழியினரின் பிள்ளைகளுக்கா, எல்லாப் பிள்ளைகளுக்குமா? இவ்வினாவுக்கு விடை தேட, கடல் கடந்து இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊருக்கு மெண்டஸ் குடும்பம் குடியேறியது. மெக்சிக்கோ வழியினர். அவ்வூரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி; மெக்சிக்கோ வழியினர் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி. பிள்ளைகளின் அத்தை சொலெடாட் விடௌரி தம் பிள்ளைகளையும் மெண்டஸ் பிள்ளைகளையும் நல்ல பள்ளிக்கு அழைத்துச் சென்றார். வெளுத்த நிறமும் பிரெஞ்சுப் பெயரும் கொண்ட தம் பிள்ளைகளுக்கு இடம் உண்டு, மற்றவர்க்கு இல்லை என்று அங்கே கூறப்பட்டது. தமக்குக் கிடைத்தது போதும் என்று அவர் திரும்பவில்லை. யாரையுமே சேர்க்க மறுத்து வெளியேறினார். பின்னர்க் கொன்சாலோ மெண்டஸ் மற்ற நான்கு தந்தையரோடு வழக்குத் தொடுத்து 1946இல் வென்றார். 1947இல் மேல்முறையீட்டிலும் வெற்றி உறுதியாயிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியா, பள்ளிகளில் இனம் பிரிக்கும் தன் சட்டத்தை நீக்கியது. அதனால் மெக்சிக்கோ வழியினர் மட்டுமன்றிப் பிறரும் பயன் பெற்றனர். அதன் வித்து, தனக்கு மட்டும் கிடைத்த இடத்தை வேண்டா என்ற ஒரு பெண்ணின் சொல்.

மற்றொரு நிகழ்ச்சி நியூயார்க் நகரில் நடந்தது. 1968ஆம் ஆண்டில், கறுப்பின மக்கள் மிகுந்த ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் பகுதியின் பள்ளிகளை ஆளும் பொறுப்பில் அப்பகுதிப் பெற்றோரும் மக்களும் அடங்கிய குழு ஒன்று அமர்ந்திருந்தது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டோர் கேட்டது நியாயமே. ஆயின், குழுவுக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் பூசல் மூண்டு, அது இனப் பகையாய் வளர்ந்தது. ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் நகரெங்கும் பள்ளிகள் வாரக்கணக்கில் முடங்கின. யார் பக்கம் நியாயம் மிகுதி என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. பள்ளி நாள்களை இழந்தோர் பிள்ளைகள் என்பதில் வாதம் இல்லை.

முதல் நிகழ்ச்சி நமக்குத் துணிவைத் தருகிறது, இரண்டாவது எச்சரிக்கிறது. சிறுபான்மைத் தலைமை தன் மக்களின் துன்பத்திலிருந்து தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். அங்கேயே நின்றுவிட்டால் அது பூசலாய் முடியும். பள்ளி முழுமைக்கும் உரிய நன்மையாய் அது விரிய வேண்டும்.

நான் நேரில் அறிந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறிப்பது பொருந்தும். நகரின் கிழக்குப் பகுதியில் ஓர் அரசுப் பள்ளி. குழுவில் பெண்களுக்குரிய இடங்களுள் ஒன்றில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த சித்தாள் அம்மையார் ஒருவர் இருந்தார். ஓராண்டுக் காலம் கையெழுத்திட்டதன்றி வேறொன்றும் அவர் செய்யவில்லை. தெருவில் தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர் கன்னடம் படிக்கத் தெரிந்தவர். கூட்டத்திற்கு முந்திய இரவில் அறிவிப்பைப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் கூட்டத்தில் சித்தாள் அம்மையார் எழுந்து, "சார், டாய்லெட்டல்லி நீரு யாக்கெ இல்ல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தலைமை ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. தாமே மூன்று முறை மேலிடத்துக்கு எழுதி ஓய்ந்திருப்பதாகக் கூறினார். அடுத்த நொடியே கன்னடத் தாய்மார் நால்வர் பேசினர். அவர்தம் பெண்களுக்கும் அதே துன்பம். குழுவின் தீர்மானம் எழுதப்பட்டது. இரண்டு திங்களில் தண்ணீர்க் குழாய் வந்தது. அன்று முதல் அவ்வம்மையாரைத் தமிழ்ப் பெற்றோரின் உறுப்பினர் என்று யாரும் சொல்வதில்லை. பள்ளியின் உறுப்பினர் என்றே சொல்கின்றனர்.

அவையறிதலும் அவையஞ்சாமையும்

வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதல் என்னும் அதிகாரத்தை முதலில் வைத்து, அவையஞ்சாமையை அதன்பின் வைத்தார். அவ்வரிசையில் நமக்கு ஒரு வழிகாட்டல் இருப்பதாகக் கொள்ளலாம். அவையை அறியாதவன் அஞ்சாமை முரட்டுத்தனம். அவையை அறிந்தும் அஞ்சுபவன் அறிவு பயனற்றது.

பெங்களூர்ப் பள்ளி அவையை அறிதல் என்றால் முதலில் கன்னடம் அறிதல். கன்னடம் கற்றால் தமிழ் தேயும் என்று எண்ணுவோர், தம் பிள்ளைகளைப் பார்க்கட்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இம்மாநிலப் பள்ளிகளில் பிள்ளைகள் கன்னடம் கற்கின்றனர். பெற்றோரே கற்காமல் நிற்கின்றனர். அதனால் விளையும் வேடிக்கை ஒன்று உண்டு. ஆசிரியர் சொல்வதைப் பிள்ளையே தந்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறான். "இவன் வீட்டுப் பாடம் எழுதுவதே இல்லை" என்று ஆசிரியர் கூற, "நன்றாகப் படிக்கிறேனாம், அப்பா" என்று மகன் கூறுகிறான்! குற்றம் சாட்டப்பட்டவனே மொழிபெயர்ப்பாளன் ஆகும் நீதிமன்றம் உலகில் வேறெங்கும் இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் பல்லாண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. ஐயம் மூடிவைத்ததை இரு மாநிலத்தாரும் பேசித்தான் திறந்தனர்.

அவையஞ்சாமையோ பழக்கத்தால் வருவது. மேடையில் பிறந்த தலைவர் எவரும் இல்லை. முதற்படியாக, பள்ளி அறிவிப்புகளைத் தெருவில் ஒருவர் உரக்கப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். கூட்டத்திற்கு ஒருவர் தனியே செல்லாமல் இருவராய்ச் செல்ல வேண்டும். தனித்தவர்க்குத் தோன்றும் அச்சம் துணையுள்ளவர்க்குத் தோன்றாது. ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வி போதும். கேட்டது கூட்டக் குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்தல் வேண்டும். இருபது ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: குறிப்பில் ஏறாத பேச்சு காற்றோடு போன பேச்சு. நாட்கூலி இழந்து வரும் தாய்மாருக்காகக் கூட்டத்தை மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கும்படி வேண்டுதலும் தலைமைப் பணியே.

இங்கே படித்தவர்களின் கடமை ஒன்று எழுகிறது. விண்ணப்பம் எழுதவும் விதிகளைப் படிக்கவும் தெரிந்த நாம், "நீங்கள் சும்மா இருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்" என்று ஏழை உறவினரிடம் சொல்வது எளிது. அது உதவி போலத் தோன்றும். காலப்போக்கில் அது தரகு ஆகிவிடும். பேசுபவர் ஒருவரே ஆனால், அவர் மாற்றலாகிப் போன நாளில் அத்தெரு மீண்டும் ஊமையாகும். நடுவண் அரசு ஊழியர்க்கு மாற்றல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆதலின் தலைவர் ஆவதினும் தலைவரை ஆக்குதல் உயர்ந்தது. தாம் இல்லாத கூட்டத்திலும் கேள்வி எழுமாறு செய்தவரே தலைவர் என்னும் பெயருக்கு உரியவர்.

நமக்குப் பின்னே வந்தோர்

இறுதியாக ஒரு சோதனை உண்டு. இன்று பெங்களூர் அரசுப் பள்ளிகளின் வாயிலில் நம்மினும் புதிதாய் வந்தோர் நிற்கின்றனர். நேபாளத்துக் காவலாளியின் மகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியின் மகன். நம் பாட்டனார் இந்நகருக்கு வந்த நாளில் நின்ற அதே வாயிலில், அதே மருட்சியோடு அவர்கள் நிற்கின்றனர். குழுவில் இடம்பெற்ற தமிழ்ப் பெற்றோர் அவர்களுக்காகப் பேசுகின்றனரா? மாற்றுச் சான்றிதழ் இல்லாத அப்பிள்ளைகளுக்கும் விதி பொருந்தும் என்று எடுத்துரைக்கின்றனரா? நாம் கேட்டது நீதியா, நமக்கு மட்டுமான சலுகையா என்பது அன்று விளங்கிவிடும். தனக்கு இடம் கிடைத்ததும் கதவைச் சாத்துபவன், கதவு சாத்தப்பட்டதைக் குறித்து முன்பு வருந்தியதில் பொருளில்லை.

நம் மொழியினருள்ளும் சாதியாலும் வறுமையாலும் ஒடுங்கியோர் உண்டு. தமிழர் சார்பில் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, வசதி படைத்த தமிழரின் வேண்டுகோளை மட்டும் முன்வைப்பதும் அதே குற்றமே ஆகும்.

விருந்தினனுக்கும் வீட்டினனுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை ஆண்டுகள் தங்கினான் என்பதில் இல்லை. ஒழுகும் கூரையைக் கண்டதும் என்ன செய்கிறான் என்பதில் இருக்கிறது. தன் தலையில் சொட்டினால்தான் ஏணி தேடுவேன் என்பவன் நூறாண்டு தங்கினும் விருந்தினனே. அடுத்த அறையில் உறங்கும் குழந்தையின் மேல் சொட்டுகிறது என்று அறிந்து எழுபவன் வந்த அன்றே வீட்டினன் ஆகிறான். வரும் கல்வியாண்டில் பள்ளிக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் நாள் வரும்போது, தமிழ்க் குடும்பங்கள் தம் தெருவில் ஓர் அன்னையையேனும் முன் வரிசையில் அமரச் செய்வார்களாக. அவருக்குத் துணையாய் மற்றொருவர் உடன் செல்வாராக. அவர் கேட்கும் முதற் கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாய் அமைக!